செத்தவரின் சம்மதம்

"என் வீட்டுக்காரர் செத்துட்டாருன்னு நீங்க நிரூபிச்சுத் தரணும், சேர்."

ராமாமிர்தம் எழுதுவதற்காகத் திறந்த பேனாவை மூடினார்.

பதுளையில் அண்ணனுடைய ஹார்ட்வெயார் கடைக்கு மேலே, பெயின்ட் டின்கள் கிடந்த அறையை ஒதுக்கி அவர் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறார். மாப்பிள்ளை குடிப்பானா, பெண்ணுக்கு ஏற்கனவே நிச்சயம் ஆனதா என்று கேட்டுத்தான் இதுவரை ஆட்கள் வந்திருக்கிறார்கள். எல்லாம் உயிரோடிருப்பவர்களைப் பற்றிய சந்தேகங்கள். செத்தவர் ஒருவர் கட்சிக்காரராக வருவது இதுவே முதல்தடவை.

"அதுல யாருக்குச் சந்தேகம்?"

"பேங்குக்கு."

வாசலில் சாய்ந்து நின்ற வாஹித் சிரித்தான். அவர் உதவியாளன். ஆட்டோ அவனுடையது, வாயும் அவனுடையது. ஆட்டோவுக்காவது பிரேக் உண்டு.

"பேங்குக்கு எல்லாத்திலயும் சந்தேகம் ஈக்கும், தங்கச்சி. நான் லோன் கேக்கப் போன நேரம், நான்தான் நானான்னு என்கிட்டயே ரெண்டு வாட்டி கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?" என்றார் ராமாமிர்தம்.

"ரெண்டாவது வாட்டி கேட்டதும் எனக்கே சந்தேகம் வந்துட்டு."

அவள் சிரிக்கவில்லை. பெயர் சுபாஜினி. நமுனுகுலப் பக்கம் கல்லுமலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவில் வேலை. கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பகல் முழுவதும் பார்த்துக்கொள்கிறாள். கணவன் வடிவேல் லொறி ஓட்டியவன். ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவ்வளவுதான். அவன் பெயருக்குத் தோட்டம் ஒதுக்கிய காணித்துண்டு அவள் பெயருக்கு மாறியது. அதை வைத்து வீடு கட்டக் கடன் கேட்டாள். வங்கி சம்மதித்தது. அத்திவாரத்துக்குக் கொஞ்சம், சுவருக்குக் கொஞ்சம், கூரைக்குக் கொஞ்சம் என்று பகுதி பகுதியாகக் கொடுப்பார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் ஓர் ஒபிசர் வந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போவார்.

"சுவர் எழும்பிருச்சு சேர். கூரைக் காசு கேட்டுப் போனா, உங்க வீட்டுக்காரர் அந்தக் காணியிலயே இருக்காரே, மரணச் சான்றிதழ் எப்படிக் குடுத்தீங்கன்னு மேனேஜரம்மா கேக்குறாங்க."

"இருக்காரா?"

சுபாஜினி அவரை நேராகப் பார்த்தாள். "வாய்க்கரிசி போட்டவ நான்."

ராமாமிர்தம் பேனாவை மறுபடி திறந்தார்.

"இருந்தாலும் ரெண்டு நாள் வேலை விட்டதும் காணிக்குப் போய்ப் பார்த்தேன்" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "யாராச்சும் வந்து நிக்கிறாங்களான்னு."

"நின்னாங்களா?"

"யாருமே இல்ல."

கூரை ஏறாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் கேட்டார். அவள் இருக்கும் லயத்துக்கு, அந்தத் தோட்டத்து வரிசைவீடுகளுக்கு, மேலே மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறதாம். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். மற்றக் குடும்பங்கள் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போகின்றன. அவளுக்கும் மகளுக்கும் இருப்பது கூரையில்லாத நாலு சுவர்தான்.

ராமாமிர்தம் யன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். அது நமுனுகுலப் பக்கம் ஏற்கனவே கறுத்துக் கிடந்தது.

"வாஹித், ஆட்டோவை எடு."

வங்கி மேனேஜர் அகீலா கறாரான பெண்மணி. கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். மூன்று மாதங்களில் எடுத்த மூன்று படங்கள். மூன்றிலும் தேயிலைச் சரிவு, படத்துக்குப் படம் உயர்ந்துகொண்டு போகும் சீமெந்துக்கல் கட்டுமானம், அதற்கு முன்னால் காக்கி ஜாக்கெட்டும் தொப்பியும் போட்ட ஓர் ஆள். முகம் அரிசி மணியளவு. ஒரு கை மேலே தூக்கியிருந்தது.

"எங்கட ஒபிசர் வீரசிங்கம் எடுத்த படங்கள். அவர் அந்த ஆளோட நேர்ல கதைச்சிருக்கார்."

பக்கத்தில் நின்ற வீரசிங்கம் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். இஸ்திரி போட்ட காற்சட்டை. காலில், முகம் பார்க்கலாம் போல மின்னும் சப்பாத்து. ராமாமிர்தம் முகத்தைப் பார்க்கவில்லை. சப்பாத்தைத்தான் பார்த்தார்.

"ஓம், நான் கதைச்சனான்" என்றார் வீரசிங்கம். "பேர் கேட்டனான். வடிவேல் எண்டு சொன்னவர்."

"வேற என்ன சொன்னார்?"

"கன கதை இல்லாத மனுசன். அமைதியான ஆள்."

"கையை ஏன் தூக்கியிருக்கார்?"

"எனக்கு வணக்கம் சொன்னவர்."

"மூணு தடவையும்?"

"மரியாதையான ஆள்."

இரண்டாவது படத்தில் நல்ல மழை. ஆளிடம் குடை இல்லை. மூன்றாவது படத்தின் மேல் ராமாமிர்தம் விரலை வைத்தார். "தோள்ல காக்கா."

"எங்க ஊட்டுல காக்காண்டா அண்ணன், சேர்" என்றான் வாஹித். "அண்ணன்மார் தோள்ல ஏற மாட்டாங்க, தலையிலதான் ஏறுவாங்க."

ராமாமிர்தத்துக்கு அப்போதே பொறி தட்டியது. நேரில் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று விட்டுவிட்டார். மேனேஜர் முடிவாகச் சொன்னார்.

"ஒண்ணு, அவர் சம்மதம்னு கையெழுத்துப் போடணும். இல்லாட்டி அந்தக் காணியை விட்டுப் போகணும். மாசக் கடைசிக்குள்ள ரெண்டுல ஒண்ணு நடக்காட்டி ஃபைலை மூடிருவோம். செத்ததாச் சொல்லிக் கடன் வாங்கின கேஸ் எண்டா பொலிசுக்கும் போகும்."

"அவர் செத்துட்டார்னா?"

"செத்தவர் வணக்கம் சொல்ல மாட்டார், மிஸ்டர் ராமாமிர்தம்."

பசறையைத் தாண்டி ஆட்டோ மேலே ஏறியது. கல்லுமலைத் தோட்டத்து வளைவில் அங்கம்மாவின் ரொட்டிக்கடை. அதற்குப் பக்கத்திலிருந்து ஒற்றையடிப் பாதை தேயிலைக்குள் செங்குத்தாக இறங்குகிறது. கீழே வெகு தூரத்தில் சுபாஜினியின் சுவர் தெரிந்தது. சுவருக்கு முன்னால் காக்கி நிறத்தில் ஒரு புள்ளி.

ராமாமிர்தம் பிளேன்டீ சொல்லிவிட்டுப் பேச்சை எடுத்தார். "வடிவேலைப் பாக்கணும்."

"கீழதாங்க நிக்கிறாரு" என்றாள் அங்கம்மா, ரொட்டியைப் புரட்டிக்கொண்டே. "எங்க போகப் போறாரு?"

வாஹித்தின் கையில் கிளாஸ் பாதி வழியில் நின்றது.

"எப்பவுமே அங்கதானா?"

"ராவும் பகலும் அங்கதாங்க. மழை வெயில்னு பாக்க மாட்டாரு. காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போறப்ப நாங்க எல்லாரும் அவருகிட்ட சொல்லிட்டுத்தான் போவோம்."

"பதில் சொல்வாரா?"

"உயிரோட இருந்தப்பவே அவரு ரொம்பப் பேச மாட்டாருங்க."

வாஹித் கிளாஸைக் கீழே வைத்தான். "சேர், நான் போய் ஆட்டோவைத் திருப்பி வைக்கிறேன்."

"உக்காரு." ராமாமிர்தம் அங்கம்மா பக்கம் திரும்பினார். "பேங்க்ல இருந்து ஒரு ஐயா வந்து கேட்டாரா?"

"ஆமாங்க. இந்தா, இந்தத் தூணுகிட்ட நின்னு போனைத் தூக்கிப் பாத்துட்டு, அது யாருன்னு கேட்டாரு. வடிவேலுன்னேன். எழுதிக்கிட்டாரு. மிளகாய் இடிச்ச கட்டச்சம்பல் வச்சு ரெண்டு ரொட்டி தின்னாரு. நல்ல மனுசன், எப்ப வந்தாலும் ரொட்டி திங்காமப் போக மாட்டாரு."

"வடிவேலுக்கு உடம்பு எப்படி?"

"போன மாசம்தான் தலை உடைஞ்சிருச்சு. பசங்க கல்லு விட்டுட்டானுங்க."

"அய்யோ" என்றான் வாஹித். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்களா?"

அங்கம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "சட்டிக்கு எதுக்குங்க ஆஸ்பத்திரி? சுபா பதுளைக்குப் போய் புதுச் சட்டி வாங்கியாந்து வச்சிருச்சு."

ராமாமிர்தம் தேநீரைக் குடித்து முடித்தார்.

கீழே இறங்குவதற்குள் ராமாமிர்தத்தின் கால்களில் அட்டைகள் ஏறிவிட்டன. அந்தப் பாதையில் மனிதர் நடந்து போவதைவிட அட்டைகள் மனிதரில் பயணம் போவதே அதிகம்.

சுபாஜினி அவர்களுக்கு முன்பே வந்து சுவரடியில் காத்திருந்தாள். சுவருக்கு முன்னால் வடிவேல் நின்றுகொண்டிருந்தார். சட்டித்தலை. அதில் சுண்ணாம்பால் கண்ணும் மீசையும். வைக்கோல் உடம்பு. ஒரு மூங்கில் கை மேலே தூக்கியிருந்தது. கட்டுகிற வீட்டின் மேல் ஊர்க்கண் படாமல் இருக்க எல்லோரும் நிறுத்துகிற திருஷ்டிப் பொம்மைதான். சாக்கு ஒன்றைச் சுற்றிவிட்டாலே போதும். இதற்கோ ஜிப் வைத்த ஜாக்கெட், கழுத்துவரை இழுத்துவிட்டிருந்தது.

"உங்க வீட்டுக்காரர் இவர்தான்" என்றார் ராமாமிர்தம்.

சுபாஜினி வாயில் கையை வைத்தாள். "இதையா? பேங்குல இதையா சொன்னாங்க?" அவளுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. "ஆம்பளை உடுப்புன்னா வீட்டுல அவரோடதுதான் இருந்துச்சு. லொறி ஓட்டுறப்ப போடுற ஜாக்கெட்டு. மாட்டினதும் லயத்துல எல்லாரும் வடிவேலண்ணேன்னு கூப்பிட ஆரம்பிச்சிட்டாங்க. விளையாட்டுக்குத்தான். அப்புறம் பழகிப் போச்சு."

"ரெண்டு நாள் வந்து பார்த்தீங்களே?"

"ஆளு நிக்குதான்னு பாத்தேன் சேர். இவரைக் கணக்குல எடுக்கல்ல."

ராமாமிர்தம் பொம்மையைப் பக்கத்தில் நின்று படம் எடுத்து மேனேஜருக்கு அனுப்பினார். கூடவே போன் போட்டார். வழக்கு முடிந்தது என்றுதான் நினைத்தார்.

மறுமுனையில் ஆலோசிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அகீலா வந்தார். "வீரசிங்கத்திட்டக் கேட்டேன். பொம்மையும் இருக்காம், ஆளும் இருக்காராம். ஆள் பொம்மைக்குப் பக்கத்துல நிற்பாராம். நேர்ல கதைச்சன் எண்டு என்ட ஒபிசர் சொல்றார். நீங்க ஒரு சட்டியைக் காட்டுறீங்க. நான் யாரை நம்ப?"

ராமாமிர்தம் போனைப் பையில் போட்டார்.

"பேசாம பொம்மையைக் கழட்டிருவோம் சேர்" என்றான் வாஹித். "பொம்மை இல்லண்டா படம் இல்ல. படம் இல்லண்டா புருஷன் இல்ல."

"அது முடியாதுங்க" என்றாள் சுபாஜினி. "கூரை ஏறிப் பால் காய்ச்சுற அன்னைக்குத்தான் இறக்கணும். அதுக்கு முன்ன இந்த எடம் வெறுமையா இருக்கக் கூடாது."

வாஹித் கணக்குப் போட்டான். "இவர் போனாத்தான் பேங்க் காசு குடுக்கும். கூரை வந்தாத்தான் இவர் போவார். காசு வந்தாத்தான் கூரை வரும். தங்கச்சி, இந்த லோனை யாரோ பம்பரம் மாதிரி செஞ்சு ஈக்காங்க."

ராமாமிர்தம் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் அட்டை அவர் முழங்காலைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கி எறிந்தார். அந்தச் சப்பாத்து ஞாபகம் வந்தது. இந்த வழியில் மூன்று தடவை வந்துபோன சப்பாத்து அப்படி மின்னாது.

"அம்மா, இந்த இடத்துல பொம்மைதான் நிக்கணுமா? வேற ஏதாவது நின்னாப் போதுமா?"

"பாக்கிறவங்க கண்ணு அதுமேல போகணும். அவ்வளவுதான்."

ராமாமிர்தம் மெதுவாகத் திரும்பி வாஹித்தைப் பார்த்தார்.

"என்னத்துக்கு சேர் என்னையப் பாக்குறீங்க?" என்றான் வாஹித். பிறகு அவனுக்கு விளங்கியது. "அல்லாஹ்!"

இரண்டு நாள் கழித்து, ராமாமிர்தம் கூப்பிட்டதன் பேரில், மேனேஜர் அகீலா சம்மதப் பத்திரத்தோடு நேரில் வந்தார். வீரசிங்கமும் வந்தார். அன்று வளைவு முழுவதும் மூடுபனி. அங்கம்மாவின் கடை அடுப்பு மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. கீழே சுவரும் இல்லை, தேயிலையும் இல்லை, வெறும் வெள்ளை.

வாஹித்தின் ஆட்டோ ரெக்சின் திரைகளை இறக்கிவிட்டுக் கடையோரம் நின்றது. சாரதி ஆசனத்தில் ராமாமிர்தம்.

"மேடம், நாங்க தோத்துட்டோம்" என்றார் அவர், இறங்கிக்கொண்டே. "வடிவேல் கையெழுத்துப் போடட்டும். ஒபிசருக்கு அவர் பழக்கம். அவரே போய்ச் சம்மதப் பத்திரத்துல வாங்கிட்டு வரட்டும்."

அகீலா பத்திரத்தை நீட்டினார். வீரசிங்கம் பனியைப் பார்த்தார். தன் சப்பாத்தைப் பார்த்தார்.

"இப்பவேயா மேடம்? பனியா இருக்கு."

"நேர்ல கதைச்ச ஆள்தானே?"

வீரசிங்கம் பாதையில் இறங்கினார். பனி அவரை மூடியது.

அகீலாவும் ராமாமிர்தமும் கடையோரம் காத்து நின்றார்கள். கடைக்குள்ளே அங்கம்மா யாருக்கோ ரொட்டி தட்டிப் போடும் சத்தம் கேட்டது. வாசலில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. ராமாமிர்தம் அதைக் கவனித்தார். கடைக்குப் பின்பக்கமும் ஒரு வாசல் உண்டு.

தேநீர் ஆறுவதற்குள் வீரசிங்கம் பனியிலிருந்து வெளிப்பட்டார். மூச்சு வாங்கினார். கொஞ்சம் அதிகமாகவே வாங்கினார்.

"மாட்டன் எண்டுட்டார் மேடம்."

"என்ன?"

"கையெழுத்துப் போட மாட்டாராம். அமைதியான மனுசன் எண்டு நினைச்சனான். இண்டைக்குச் சரியான கோவம். என்ட காணி, நான் எங்கயும் போகமாட்டன் எண்டு கத்தினவர். அடிக்கவும் கை ஓங்கினவர்."

அகீலாவின் முகம் இறுகியது. ராமாமிர்தத்தைப் பார்த்தார். "கேட்டீங்களா?"

"கேட்டேன் மேடம். எந்தக் கையை ஓங்கினார், ஒபிசர்?"

"வலது கை."

"சரிதான். அது ஒண்ணுதான் அவருக்குத் தூக்க முடியும்."

ராமாமிர்தம் ஆட்டோவின் திரையை இழுத்து விலக்கினார்.

பின் ஆசனத்தில் வடிவேல் உட்கார்ந்திருந்தார். சட்டித்தலை கொஞ்சம் சாய்ந்திருந்தது. தூக்கிய வலது கை ஆட்டோவின் கூரையை முட்டிக்கொண்டு நின்றது. கழுத்துவரை ஜிப். பக்கத்தில் சுபாஜினி, அவர் சரிந்துவிடாமல் தோளைப் பிடித்தபடி.

"காலையில இருந்து இங்கதான் இருக்காரு, மேடம்" என்றாள் அவள். "ஒரு வார்த்தை பேசல்ல."

அடுப்பில் கல் சூடேறும் சத்தம் மட்டும்.

"இவர் இல்ல மேடம்" என்றார் வீரசிங்கம். "கீழ வேற ஆள் நிக்கிறார். சத்தியமா நிக்கிறார்."

"உண்மைதான். நிக்கிறார்" என்றார் ராமாமிர்தம். பனியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "வாஹித்! மேல வா!"

அவன் வந்து சேர நேரமாயிற்று. சாரம் முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தது. கால்களில் இரத்தக்கோடுகள். தலையில் திருஷ்டிக்கென்று சுபாஜினி வைத்துவிட்ட பூசணிக்காய்த் துண்டு இன்னும் இருந்தது. நெற்றியில் கரிப்பொட்டு. வலது கையை இறக்க மறந்திருந்தான்.

"யாராவது வந்தாங்களா?" என்று கேட்டார் ராமாமிர்தம்.

"ஒரு மாடு வந்துச்சு சேர். மோந்து பாத்துட்டுப் போயிட்டு. கொழுந்து நிறுக்கப் போன ரெண்டு அக்காமார், வடிவேலண்ணே மழை வரப்போகுது, பாத்துக்கங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க. நானும் சரின்னேன். அதுல ஒரு அக்கா கூடையைப் போட்டுட்டு ஓடிட்டாங்க." அவன் வீரசிங்கத்தைப் பார்த்தான். "ஒபிசர் மட்டும் வரல்ல. அட்டை எல்லாம் காத்துக்கிட்டே ஈக்கிது."

அகீலா தன் ஒபிசரின் சப்பாத்தைப் பார்த்தார். இப்போதும் அதில் முகம் பார்க்கலாம். பிறகு அவர் உதட்டோரத்தைப் பார்த்தார். அங்கே சிவப்பாக, காயாமல், கட்டச்சம்பல்.

"வீரசிங்கம், வேன்ல போய் இருங்க."

அவர் போனார். போகும்போது கடைக்குள் திரும்பிப் பார்த்தார். பாதி ரொட்டி அங்கேயே கிடந்திருக்க வேண்டும்.

"அந்தம்மா கதையை நான் கேட்டிருக்கணும்" என்றார் அகீலா. சுபாஜினியிடம் அல்ல, பொதுவாக. பிறகு தன் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். "வாங்க. வீட்டைக் காட்டுங்க."

அவர்கள் எல்லோரும் இறங்கினார்கள். வாஹித் பொம்மையை முதுகில் சுமந்தான். பனி விலகத் தொடங்கியிருந்தது. அகீலா ஒவ்வொரு சுவரையும் கையால் தட்டிப் பார்த்தார். மழைத்துளி ஒன்று சுவரில் விழுந்து கறுப்பாகப் பரவியதை நின்று பார்த்தார்.

"இந்தப் பொம்மையை எடுத்துட்டா நான் ஒரு நல்ல படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்பலாம். இவர் நின்னா அவங்க திரும்பவும் யார் எண்டு கேப்பாங்க."

"கூரை ஏறாம எடுக்க முடியாது, மேடம்" என்றாள் சுபாஜினி.

அகீலா யோசித்தார். வாஹித்தின் பம்பரம் அவர் தலைக்குள் ஒரு சுற்றுச் சுற்றியிருக்க வேண்டும்.

"அப்ப படம் நல்லா வரணும் எண்டா, முதல்ல கூரை வரணும்."

"ஆமாங்க."

"கூரை வரணும் எண்டா காசை நான் முதல்லயே விடணும்."

"ஆமாங்க."

"நாளைக்குக் காலையில வந்து கையெழுத்துப் போடுங்க" என்றார் அகீலா. "நீங்க மட்டும் போட்டாப் போதும்."

அவர் மேலே ஏறிப் போனார். வாஹித் பொம்மையைப் பழைய குழியில் நட்டான். தலையைத் திருப்பிச் சரியாக வைத்தான். "எடத்தைப் பத்திரமாப் பாத்துக்கிட்டேன் அண்ணே. இனி உங்க பாடு" என்றான் அதனிடம். தன் அட்டைகளைப் பிடுங்கப் போய்விட்டான்.

ராமாமிர்தமும் கிளம்பினார். சுபாஜினி கூப்பிட்டாள்.

"சேர், ஒரு விசயம் கேக்கணும். பால் காய்ச்சின அன்னைக்கு பொம்மையை எரிக்கணும்னு சொல்வாங்க. உடுப்போடயா எரிக்கணும்?"

அவர் இதுவரை எந்த வழக்கிலும் தெரியாததைத் தெரியும் என்று சொன்னதில்லை.

"வைக்கோலை எரிச்சாப் போதும்" என்றார். "நான் விசாரிச்சுட்டேன்."

அவள் தலையசைத்தாள். காற்றில் திறந்திருந்த ஜாக்கெட்டின் ஜிப்பைப் பிடித்துக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். மழை வருவதற்குள் ஓலைத்தட்டி ஒன்றை எடுத்து வந்து, சுவருக்கு அல்ல, அவருக்கு மேலே சாய்த்து வைத்தாள்.